கட் சொல்லும்வரை காலடியில்

சினிமாவுல அடிக்கறதுக்கு ஒருத்தர், அடி வாங்கறதுக்கு ஒருத்தர்னு இருக்கற மாதிரி, கால்ல விழறதுக்குன்னு ஒரு ஆள் வேணும். அந்த ஆள் நானுங்க.

என் பேரு உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. டைட்டில்ல "மற்றும் பலர்"னு போடுவாங்க பாருங்க, அந்தப் பலர்ல நான் ஒருத்தன். ஆனா மூஞ்சியைப் பாத்தா, "அட, இந்த ஆளா"ன்னு சொல்லிருவீங்க. பொண்ணுக்கு அப்பா. ஏழை அப்பா. பொண்ணு ஏமாந்து நின்னா பண்ணையார் கால்ல விழுவேன். கல்யாணம் நின்னா சம்பந்தி கால்ல விழுவேன். போலீஸ்காரர் கால்ல, வில்லன் கால்ல, வில்லனோட அம்மா கால்ல, ஒரு படத்துல வில்லனோட டிரைவர் கால்லகூட விழுந்திருக்கேன். சினிமாவுலயும் சரி, சீரியல்லயும் சரி, நான் நிமிந்து நிக்கற சீன் ஒண்ணு இருந்தா அது அடுத்த சீன்ல விழறதுக்காக நின்னதா இருக்கும்.

சிரிக்காதீங்க. நீங்களும் மேனேஜர் ரூம்ல, ஸ்கூல் அட்மிஷன்ல, குடியிருக்கற வீட்டு ஓனர் வாசல்ல மனசுக்குள்ள விழுந்து எந்திரிச்சவங்கதான். என்ன, உங்களை யாரும் க்ளோசப்ல எடுக்கலை. அந்தத் தைரியத்துலதான் உங்ககிட்ட இதையெல்லாம் சொல்றேன்.

கெஞ்சாமலே கிடைச்ச வேலை

எனக்கு ஊரு வெண்ணந்தூர். விசைத்தறி ஓட்டிக்கிட்டிருந்தேன். பக்கத்துத் தெருவுல ஒரு சினிமாக் கம்பெனி வந்து ஷூட்டிங் போட்டாங்க. அவங்க ஜெனரேட்டர் ரிப்பேர்னு எங்க தெருக் கம்பத்துலயே கொக்கி போட்டு லைட்டை எரிய விட்டுட்டாங்க. கரண்டு இழுத்துக்கிச்சு. தறி நின்னு நின்னு ஓடுது, நூல் அறுந்து அறுந்து போகுது. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். நாலு கேள்வி நறுக்குன்னு கேட்டுப்புடறதுன்னு நேரா டைரக்டர் முன்னாடி போய் நின்னேன். "ஏனுங்க, உங்களுக்கு அறிவிருக்குதுங்களா? நாங்க பொழைக்கறதா வேண்டாமுங்களா? லைட்டை அமத்துங்க, இல்லீன்னா ஒடைச்சுப் போடுவனுங்க."

எங்க பக்கத்துல கோவம் வந்தா 'ங்க' குறையாது, கூடத்தான் செய்யும். அந்த மெட்ராஸ்காரருக்கு இது எப்படித் தெரியும்? போதாக்குறைக்குக் கையை வேற கட்டிக்கிட்டு நின்னுட்டேன். சின்ன வயசுலருந்து வந்த பழக்கம். அன்னிக்கு ஏழைத் தகப்பன் வேசம் போட வேண்டியவர் வந்து சேரலையாம். டைரக்டர் என்னை மேலயும் கீழயும் பாத்தாரு. என் ஜென்மத்துலயே நான் அப்படி ஒருத்தரைத் திட்டினதில்லை. அதுக்கு அவர் அசிஸ்டெண்டுகிட்டச் சொன்னது இதுதான்: "யோவ், எவ்ளோ அழகா கெஞ்சறான் பாரு. இவனையே போட்டுக்கலாம்."

எந்திரிக்கறதுதான் கஷ்டம்

விழறதுல என்ன இருக்குன்னு நினைப்பீங்க. விழறது சுலபம், எந்திரிக்கறதுலதான் தொழிலே இருக்கு. முதல் நாள் பண்ணையார் கால்ல விழுந்தேன். வசனம் முடிஞ்சுது. வேட்டியைத் தட்டிக்கிட்டு எந்திரிச்சேன். டைரக்டர் மைக்குலயே வஞ்சாரு. பண்ணையார் மூஞ்சியில இரக்கம் வர்றது இனிமேதானாம்; அதுக்குள்ள கால்ல விழுந்தவன் எந்திரிச்சு மூக்கைச் சொறியறானாம். "நான் கட் சொல்ற வரைக்கும் நீ பொணம்யா"ன்னாரு. சுத்தி நின்னு வேடிக்கை பாத்ததெல்லாம் எங்க தெருக்காரங்க. மறுநாள் தறிக்குப் போகவே கூச்சமா இருந்துச்சு. அன்னிக்கு முடிவு பண்ணினேன், உலகமே இடிஞ்சாலும் கட் சொல்லாம எந்திரிக்கறதில்லைன்னு.

அடுத்த படம் ராசிபுரத்துப் பக்கம் ஒரு தோட்டத்துல. வில்லன் கால்ல விழுந்து மண்ணுல மூஞ்சியைப் பொதைச்சுக்கிட்டுக் கிடக்கறேன். வில்லன் காலை உதறிக்கிட்டுப் போயிட்டாரு. சத்தம் அடங்கிருச்சு. கட் வரலை. சரி, ஏதோ பெரிய சோகக் கட்டம் போல, ஓடட்டும்னு அசையாம கிடந்தேன். எறும்பு காதுக்குள்ள போச்சு, பொறுத்துக்கிட்டேன். நம்ம நடிப்பைப் பாத்து எல்லாரும் பேச்சு மூச்சில்லாம நிக்கறாங்கன்னுகூட நினைச்சேன், வெக்கத்தை விட்டுச் சொல்றேன். அப்புறம் தோள்ல ஒரு கரண்டிக் காம்பு இடிச்சுது. பாத்தா, சாப்பாடு பரிமாறறவரு. "ஏண்ணே, உங்களுக்குச் சோறு வேண்டாமா? அவங்கல்லாம் அப்பவே தோப்புக்குப் போயி ரசத்துக்கு வந்துட்டாங்க."

மேச்சேரி பஞ்சாயத்து

மேச்சேரிப் பக்கம் ஒரு கிராமத்துப் படம். இதுல ஹீரோ கால்லயே விழணும். அவருக்கு வயசு என் பொண்ணைவிட கொஞ்சம் கூட இருந்தா அதிகம். நல்ல வெயில். விழறேன், "ஒன் மோர்"ங்கறாங்க, எந்திரிச்சு மறுபடி விழறேன். ஆடு மேய்ச்சுக்கிட்டிருந்த ஒரு அம்மா வரப்புல நின்னு இதையெல்லாம் பாத்துக்கிட்டே இருந்தாங்க. ஒரு கட்டத்துக்கு மேல அவங்களால பொறுக்க முடியலை. குச்சியும் கையுமா நேரா கேமரா முன்னாடி வந்துட்டாங்க. ஆடுங்களும் பின்னாலயே வந்துருச்சு.

அசிஸ்டெண்டுங்க ஓடி வந்து இது சினிமாம்மான்னு சொல்லிப் பாத்தாங்க. சினிமான்னா கால் கால் இல்லாமப் போயிருமான்னு கேட்டாங்க அந்தம்மா. நான் பாட்டுக்கு மண்ணுல கிடக்கறேன், கட் சொல்லலையே. அந்தம்மா என்னைத் தாண்டிப் போய் ஹீரோவோட தாடையைத் தொட்டுச் சொன்னாங்க: "ஏஞ் சாமி, வயசுல மூத்தவரு கால்ல உழுந்தா உனக்கல்லோ ஆயுசு கொறையும். அவருக்குத்தான் புத்தியில்ல, நீயாச்சும் காலை இழுத்துக்கக் கூடாதா?"

வெறும் செருப்பு

அந்தம்மா சொன்னதுல ஹீரோ மிரண்டுட்டாரு. கேரவனுக்குள்ள போனவரு வெளிய வரலை. அவங்கம்மா வேற போன்ல, ஜாதகத்துல நேரம் சரியில்லை, யாரையும் கால்ல விழ விடாதன்னு அழுகையாம். கடைசியில ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. ஹீரோவோட செருப்பை மட்டும் மண்ணுல ஜோடியா வெச்சாங்க. வேட்டி ஓரம் தெரியறதுக்கு ஒரு குச்சியில துணியைக் கட்டி மேலருந்து தொங்க விட்டாங்க. ஆளில்லாத செருப்பு முன்னால விழுந்து, என் பொண்ணு வாழ்க்கையைக் காப்பாத்துங்கய்யான்னு நான் அழணும்.

அழுதேன். வழக்கமா கண்ணுக்கு கிளிசரின் போடணும் எனக்கு. அன்னிக்கு அது இல்லாமலே கொட்டுச்சு. தறியோட நின்னிருந்தா இந்த நிலைமை வந்திருக்குமான்னு நினைச்சு அழுதேன். கேமராவுக்கு அது நல்லாப் பொருந்திப் போச்சு. அந்தச் செருப்புக்குப் பொறுப்பான காஸ்ட்யூமர் பக்கத்துல குத்த வெச்சு உக்காந்து, டேக் ஓடிக்கிட்டிருக்கும்போதே காதுல சொன்னாரு: "அண்ணே, கொஞ்சம் தள்ளி அழுங்க. தோலு நனைஞ்சா சுருங்கிரும்."

புதுச்சத்திரத்துல ஏறின அம்மா

கோகிலா எனக்கு ஒரே பொண்ணு. அவளைக் காலேஜ்ல சேக்கறதுக்கு நாமக்கல்லுக்குக் கூட்டிட்டுப் போனேன். அப்ப ஒரு சீரியல் ஓடிக்கிட்டிருந்துச்சு. அதுல என் பொண்ணு ஒருத்தனை நம்பி ஏமாந்து வயித்துல பிள்ளையோட நிப்பா. நான் அவன் கால்ல விழுந்து கதறுவேன். நான் விழுந்தது ஒரு தடவை, அவங்க காட்டினது ஒரு வாரம். புதுச்சத்திரத்துல பஸ் ஏறின ஒரு அம்மா என் மூஞ்சியைக் கண்டதும் கம்பியைப் புடிச்சபடியே நின்னுட்டாங்க. அப்புறம் வந்து என் கையைப் புடிச்சுக்கிட்டாங்க. மனசைத் தளர விட்டுராதீங்க, அந்தப் படுபாவி உருப்பட மாட்டான்னு சொன்னாங்க. அவங்க கண்ணு நிஜமாவே கலங்கி இருந்துச்சு. நானும் பெருமையா கும்பிட்டு வெச்சேன்.

அப்புறம்தான் என் பக்கத்துல ஜன்னலோரம் இருந்த கோகிலாவைப் பாத்தாங்க. மூஞ்சியைப் பாத்தாங்க. பார்வை மெதுவா வயித்துக்கு எறங்குச்சு. முன் சீட்டு, பின் சீட்டு எல்லாம் திரும்பிப் பாக்குது. கோகிலா சர்டிபிகேட் இருந்த பையை எடுத்து மடியில வெச்சு மறைச்சுக்கிட்டா. அது நடிப்புங்க, இது என் சொந்தப் பொண்ணுங்கன்னு சொல்ல எவ்வளவு நேரமாகும்? வசனம் எழுதிக் குடுக்காம பேசிப் பழக்கமில்லாமப் போச்சு. அந்தம்மா குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாங்க, ஆனா கண்டக்டர் வரைக்கும் கேட்டுச்சு: "இந்தப் புள்ளைக்காவத்தானுங்களா அவன் கால்ல உழுந்தீங்க?"

சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்துல

அன்னிக்கப்புறம் கோகிலா பஸ்ல என் பக்கத்துல உக்காந்ததில்லை. சண்டை போட்டிருந்தா பரவால்லைங்க. வீட்டுல சினிமா சம்பந்தப்பட்ட வார்த்தை ஒண்ணுகூட அவ வாயில வராது. நான் ஷூட்டிங் போயிருந்தா, யாராச்சும் கேட்டா, "அப்பா வெளியூரு போயிருக்காங்க"ன்னுதான் சொல்லுவா. டிவியில நான் வந்தா எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிருவா. இப்படியே படிப்பு முடிஞ்சு, சேலத்துல ஒரு ஜவுளிக் கம்பெனி ஆபீஸ்ல வேலைக்கும் போயிட்டா.

கொமாரபாளையத்துலருந்து ஒரு சம்பந்தம் வந்துச்சு. மாப்பிள்ளை பெட்ஷீட் வியாபாரம், மரியாதை தெரிஞ்ச பையன். கோகிலாவுக்கும் புடிச்சுப் போச்சு. பேசி முடிச்ச அந்த வாரம், நான் சாப்பிட்டுக்கிட்டிருக்கறப்ப தன் போனைக் கொண்டாந்து தட்டுக்குப் பக்கத்துல வெச்சா. கூட வேலை பாக்கற ஒரு பையன் லீவு கேட்டு ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்புல ஒரு ஸ்டிக்கர் அனுப்பியிருந்தான். கைகூப்பி, குப்புற விழுந்து கிடக்கற ஒரு கிழவன். அது நான்தான். கீழ "மன்னிச்சுருங்க முதலாளி"ன்னு எழுத்து. லேட்டா வந்தா, கடனை மறந்தா, விசேஷத்துக்கு வர முடியாமப் போனா, ஊரே அதைத்தான் அனுப்புதாம். நிஜம்தான், எங்க கேஸ் கம்பெனிக்காரர் சிலிண்டர் லேட்டானதுக்கு எனக்கே அதை அனுப்பியிருந்தாரு. அது என் பொண்ணு வரைக்கும் போயிருக்கும்னு நான் நினைச்சுப் பாக்கலை. கோகிலா போனை எடுத்துக்கிட்டுச் சொன்னா: "எனக்கு நீங்க நகை நட்டு ஒண்ணும் போட வேண்டாங்கப்பா. என்ற கல்யாணத்துல மட்டும் யாரு கால்லயும் உழுகாம நில்லுங்க, போதும்."

நிச்சயத்துல ஒரு டைரக்டர்

சம்பந்தியம்மா சீரியல் பைத்தியம். நிச்சயத்தன்னிக்கு வாசல்ல கால் வெச்சதும், இவருதான் அவருன்னு கூட வந்தவங்களுக்கெல்லாம் என்னைக் காட்டினாங்க. அதுவரைக்கும் சரி. தட்டு மாத்தி முடிச்சு பலகாரம் சாப்பிட்டுக்கிட்டிருக்கறப்ப, மாப்பிள்ளையோட தாய்மாமா, திருச்செங்கோட்டுல ஆழ்குழாய்க் கிணறு போடற போர் வண்டி வெச்சிருக்கறவரு, "சம்பந்தி, எங்களுக்காக ஒருக்கா உழுந்து காட்டுங்க"ன்னாரு. ஏளனமே இல்லைங்க, நிஜமான ஆசை. அதுதான் கொடுமை. சுத்தி எல்லாரும் செல்போனைத் தூக்கிட்டாங்க. நாற்காலியில பட்டுப்புடவையோட உக்காந்திருந்த கோகிலா தரையைப் பாத்துக்கிட்டிருந்தா.

டைரக்டர் சொல்லாம நாங்க விழக்கூடாதுங்க, அது சட்டம்னு சொல்லி சமாளிச்சேன். அவர் விடுவாரா? "அப்ப நாந்தானுங்க டைரக்டரு. சொல்றேன், உழுங்க"ன்னாரு. எல்லாரும் கைதட்டறாங்க. வாயில "வேண்டாங்க, வேண்டாங்க"ன்னுதான் சொன்னேன், சத்தியமா. ஆனா என் வலது முட்டி பாதி மடங்கிருச்சு. கோகிலா அதைப் பாத்துட்டா. அந்தப் பார்வையை என்னால இப்பவும் மறக்க முடியலை. நல்லவேளை, சம்பந்தியம்மா குறுக்க வந்து தம்பியை அதட்டினாங்க: "சும்மா இருப்பா நீ. மூத்தவரை உழ வெச்சு எம் பையன் ஆயுசைக் கொறைக்காத."

தலகாணி மாப்பிள்ளை

தாலி கட்டினதும் பொண்ணும் மாப்பிள்ளையும் நம்ம கால்ல விழுவாங்க. நாம அட்சதை போட்டு ஆசீர்வாதம் பண்ணணும். ஊருல எல்லா அப்பனும் ஒத்திகை பாக்காமச் செய்யற காரியம். எனக்கு அந்த சீன்ல கீழ் பாதிதான் தெரியும், மேல் பாதி தெரியாது. அதனால கல்யாணத்துக்கு முந்தின வாரம் வீட்டுலயே பழகிப் பாத்தேன். என் வீட்டுக்காரம்மா ரெண்டு தலகாணியைத் தரையில போட்டு, இது பொண்ணு, இது மாப்பிள்ளைன்னு சொல்லிட்டு, கட்டில்ல உக்காந்து என்னை மேய்ச்சாங்க. நெஞ்சை நிமித்தணும், வலது கையைத் தூக்கணும், "நல்லா இருங்க சாமி"ன்னு சொல்லணும். அவ்வளவுதான்.

கை மேல போகவே இல்லைங்க. தூக்கினா ரெண்டு கையும் தானாச் சேந்து கும்பிடுது. முதுகு தானா வளையுது. எத்தனை தடவை செஞ்சும் அப்படித்தான். என் வீட்டுக்காரம்மா சிரிச்சு சிரிச்சு, அப்புறம் அழுகை வந்து, முந்தானையில கண்ணைத் தொடைச்சுக்கிட்டுச் சொன்னாங்க: "மறுக்கா மறுக்கா கும்புடறீங்களே. தலகாணி கால்ல உழுகற ஆளை நான் இப்பத்தானுங்க பாக்கறேன்."

லைட்டு எரிஞ்சப்போ

கொமாரபாளையத்துல பெரிய மண்டபம். காலையிலருந்து நான் நல்லாத்தான் இருந்தேன். நிமிந்தே நின்னேன். வந்தவங்களை வாங்கன்னு கூப்பிடும்போதுகூட கையைக் கொஞ்சமாத்தான் கூப்பினேன். தாலி கட்டி முடிஞ்சுது. கோகிலா என்னைப் பாத்து லேசாச் சிரிச்சா. காலேஜ்ல சேத்தப்புறம் அவ என்னைப் பாத்து அப்படிச் சிரிச்சதே இல்லை. கையில அட்சதையோட தயாரா நின்னேன். மாப்பிள்ளை முன்னால வந்து குனிய ஆரம்பிச்சாரு. அப்பத்தான் அந்த வீடியோக்காரர், என் தொழில் தெரிஞ்ச மனுசன், பாசமா ஒரு காரியம் பண்ணினாரு. பெரிய லைட்டை மூஞ்சிக்கு நேரா போட்டு, "அப்பா ரெடிங்களா? ஆக்‌ஷன்" அப்படீன்னுட்டாரு.

நான் யோசிக்கவே இல்லைங்க. வெளிச்சத்துல மாப்பிள்ளையோட பட்டு வேட்டி ஓரமும் பாதமும் தெரிஞ்சுது. அவர் குனிஞ்சு முடிக்கறதுக்குள்ள நான் குப்புற விழுந்து ரெண்டு காலையும் புடிச்சுட்டேன். அட்சதை மேடை பூரா சிதறிப் போச்சு. நாதஸ்வரம் நின்னுருச்சு. "ஐயோ, எம் பையன் ஆயுசு"ன்னு சம்பந்தியம்மா அலறினது கேட்டுச்சு. என்ன பண்றதுன்னு தெரியாம மாப்பிள்ளையும் கும்புட விழுந்துட்டாரு. ரெண்டு பேரு மூஞ்சியும் தரையோட தரையா எதிரும் புதிருமா இருக்கு. "மாமா, இப்ப நான் என்னுங்க பண்ணோணும்?"னு கேக்கறாரு பாவம்.

நான் எந்திரிச்சிருக்கணும். முடியலை. ஒரு பக்கம் அவமானம். என் பொண்ணு கேட்டது ஒண்ணே ஒண்ணு, அதையும் அவ தாலி ஈரம் காயறதுக்குள்ள கெடுத்துட்டேன். இன்னொரு பக்கம், சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க, கட் வரலைங்க. அப்படியே மண்டபத்துத் தரையில கண்ணை மூடிக்கிட்டுக் கிடந்தேன். கோகிலா மேடையை விட்டு இறங்கிப் போயிருவான்னுதான் நினைச்சேன். அப்ப பக்கத்துல புதுப் புடவை சரசரன்னுச்சு. வளையல் போட்ட கை ஒண்ணு என் முதுகு மேல வந்து விழுந்து, எடுக்காம அப்படியே இருந்துச்சு. கோகிலா என் காதுக்குப் பக்கத்துல குனிஞ்சு, எனக்கு மட்டும் கேக்கற மாதிரிச் சொன்னா: "கட் ஆயிருச்சுங்கப்பா. எந்திரிங்க."

இப்ப என்னைக் கூப்பிடற கம்பெனிக்காரங்ககிட்ட நான் ஒண்ணுதான் சொல்றேன், யாரு கால்ல வேணும்னாலும் விழறேனுங்க, கட் சொல்றதுக்கு மட்டும் கொமாரபாளையத்துலருந்து ஆள் வரோணும்.